ஆறேகால் அடி ஆளும் சின்ன காரும்: சீட்டை வெட்டி ஆறு வருடம் ஓட்டிய அனுபவம்

என் உயரம் 6 அடி 3 அங்குலம். வண்டி 2016-ல் வாங்கிய ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். எந்த வண்டி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த அளவு கார்கள் எல்லாவற்றிலும் எனக்குக் கிட்டத்தட்ட இதே கதைதான். ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தபோது பரவாயில்லை என்றுதான் தோன்றியது. மதுரையிலிருந்து சென்னைக்கு 460 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் இறங்கியபோது, வலது முழங்கால் பக்கத்தில் சாவிக்கொத்து இடித்து இடித்துச் சிவந்திருந்தது, கழுத்து இடது பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. உச்சந்தலை கூரையைத் தொடாமல் இருக்க நான் அத்தனை தூரமும் தலையைச் சாய்த்தே ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

கார் சீட்டை வடிவமைப்பவர்கள் பொதுவாகக் குள்ளமான பெண்ணில் தொடங்கி ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வரைக்கும் பொருந்துகிற மாதிரி கணக்குப் போடுகிறார்கள். மிச்சம் ஐந்து பேரில் ஒருவன் நான். சரி, யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் நான் செய்தது தப்பு. முழங்கால் இடிக்கிறது, அப்படியானால் சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். 2018-ல் ஒரு வெல்டிங் பட்டறையில் சீட் ரெயிலுக்கும் (சீட் முன்னும் பின்னும் நகர்கிற தடம்) தரைக்கும் நடுவே நான்கு பட்டைகள் அடித்து மாட்டச் சொன்னேன். 6 மி.மீ. கனம், 5 செ.மீ. பின்னால் போகும். 2,400 ரூபாய் ஆனது. மாட்டிய அன்று சொர்க்கம் மாதிரி இருந்தது, கால் நீட்டினால் நீட்டிய இடத்தில் நின்றது. ஒரு வாரத்தில் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. இந்த வண்டியில் ஸ்டீயரிங் மேலும் கீழும்தான் அசையும், நம் பக்கம் இழுக்க முடியாது. அதனால் கால் வசதியானபோது கை எட்டாமல் போனது, முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து முன்னால் குனிந்து ஓட்டினேன். தோளுக்கு மேலே பெல்ட் வருகிற தூண் இப்போது என் தோளுக்கு முன்னால் நின்றது, பெல்ட்டுக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. சந்திப்புகளில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தால் ரோட்டுக்குப் பதில் அந்தத் தூண்தான் தெரிந்தது. பின்னால் உட்காரும் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை ஊருக்குப் பஸ்ஸில் வந்தார்.

அதையும் பொறுத்துக்கொண்டு ஓட்டினேன். 32,000 கிலோமீட்டரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'கிரீச்' என்று ஒரு சத்தம். போல்ட் தளர்ந்திருக்கும் என்று இறுக்கப் போனவன் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்கப் பட்டை ஒன்றில், வெல்டிங் ஓரத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் பெல்ட்டின் பக்கிள் சீட் சட்டத்தோடுதான் இணைந்திருக்கிறது, மோதல் நடந்தால் என் உடம்பின் விசையில் பெரிய பங்கு சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு பட்டையைப் போட்டால் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது, சாதாரணமாக பிரேக் பிடிப்பதிலேயே இவ்வளவு என்றால் மோதலில் என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்குத் தெம்பில்லை. அன்றே கழற்றிப் போட்டுவிட்டேன். இதைப் படிக்கும் உயரமான ஆட்கள் யாராவது பட்டை போடும் யோசனையில் இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம்தான் பஞ்சுக்கு வந்தேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நெட்டை ஆட்கள் வெளிநாடுகளில் சீட் பஞ்சை வெட்டித் தலைக்கு இடம் பிடிப்பது பழைய வழக்கம். நம்ம ஊரில் அதற்குச் சீட் தைக்கும் கடை போதும். நான் போன கடையில் ஒரு வயதான பாய் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தம்பி, எங்க இடிக்குதுன்னு முதல்ல காட்டுங்க" என்று வண்டியில் உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு சீட்டைக் கழற்றி, உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாகக் கொறட்டால் வெட்டி எடுத்து, பஞ்சைக் கவிழ்த்து அடிப்பக்கமாக வெட்டினார். இதுதான் சூட்சுமம். மேல்பக்கம் வெட்டினால் உட்காரும் வடிவம் போய்விடும். பின்பாதியில், இடுப்பெலும்பு அழுந்தும் இடத்தில் மட்டும் 4 செ.மீ., முன்பக்கம் தொடை படும் இடத்தில் கை வைக்கவில்லை. உயரமானவர்களுக்கு ஏற்கெனவே தொடைக்குத் தாங்கல் குறைவு, சீட்டை மொத்தமாக இறக்கினால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு பாரம் எல்லாம் பின்பக்கத்தில் விழும். பின்பாதி மட்டும் இறங்கியதில் தொடை சீட்டில் நன்றாகப் பதிந்தது.

ஒரே தடவையில் வெட்டவில்லை. கொஞ்சம் எடுப்பார், வண்டியில் வைத்து என்னை உட்காரச் சொல்வார், இறக்கி மறுபடி கொஞ்சம் எடுப்பார். மூன்று முறை. 4 செ.மீ. எடுத்தால் 4 செ.மீ. இறங்கும் என்று நினைக்க வேண்டாம், நாம் உட்கார்ந்தால் அந்தப் பஞ்சு எப்படியும் பாதி அமுங்கிப்போகும். எனக்கு நிஜமாகக் கிடைத்தது இரண்டரை செ.மீ. தலைக்கும் கூரைக்கும் நடுவே உள்ளங்கை நுழைகிறது, அது போதும்.

சாய்மானத்திலும் 2 செ.மீ. எடுத்தோம், ரெயிலைத் தொடாமலே அந்த அளவு பின்னால் போகலாம் என்பதால். இதில் ஒரு தவறு நடந்தது. மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக எடுத்ததில் இடுப்புக்கு மேலே இருந்த மேடு போய்விட்டது, பத்து நாளில் கீழ்முதுகு வலி. துண்டைச் சுருட்டி வைத்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு, திரும்பப் போய் அந்த இடத்தில் மட்டும் பஞ்சு ஒட்டித் தைத்துக்கொண்டேன். இரண்டு நடையும் சேர்த்து 2,300 ரூபாய். சாவிக்கொத்துக்குச் செலவே இல்லை, வீட்டுச் சாவிகளைக் கழற்றிவிட்டேன். இத்தனை வருடமாக இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.

இது நடந்தது 2019 கடைசியில். அதன்பின் 70,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். கழுத்து வலி போனது போனதுதான். குறைகளும் உண்டு. மெல்லிசான பஞ்சு சீக்கிரம் தளர்கிறது. இரண்டாவது வருடம் அடியில் இருக்கும் ஸ்பிரிங் கம்பி உறுத்த ஆரம்பித்தது, கம்பிக்கும் பஞ்சுக்கும் நடுவே கனமான சாக்குத் துணி இரண்டு மடிப்பு போட்டபின் சரியானது. இதை முதலிலேயே போடச் சொல்லுங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் அடி முன்னைவிட நேராக முதுகுக்கு வருகிறது. என் மனைவி 5 அடி 2 அங்குலம், அவளுக்கு இப்போது பானெட் தெரிவதே இல்லை, சின்னத் திண்டு போட்டு ஓட்டிப் பார்த்தாள், வளைவில் அது நழுவியது, விட்டுவிட்டாள். வீட்டில் இரண்டு பேர் ஓட்டும் வண்டி என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

என் சீட்டில் ஏர்பேக் கிடையாது. உங்கள் சீட்டின் பக்கவாட்டில் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று துணிப் பட்டையில் எழுதியிருந்தால் சாய்மானத்தைத் தொடவே கூடாது, அந்த இடத்துத் தையல் குறிப்பிட்ட விதத்தில் கிழிய வேண்டும் என்று தைத்தது, நம் கடைத் தையல் அப்படிக் கிழியாது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக் போன்ற பாதுகாப்பு வயர்களுக்கான மஞ்சள் கனெக்டர் இருந்தால் கம்பெனி சர்வீஸில் கேட்காமல் கழற்ற வேண்டாம்.

போன வருடம் பஞ்சு மொத்தமாகப் படுத்துவிட்டது. சென்னைக்குப் போனபோது புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய சீட் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பஞ்சை மட்டும் எடுத்துவந்து பாயிடம் கொடுத்தேன். "இதை முதல் தடவையே செஞ்சிருந்தா உங்க ஒரிஜினல் பஞ்சு அப்படியே வீட்ல இருந்திருக்கும், வண்டிய விக்கும்போது மாட்டிக் குடுத்திருக்கலாமே தம்பி" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம் அவர்.