டி700-ஆ, 5டி மார்க் 2-ஆ: ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் இரண்டும் அவற்றின் மீதான வாதங்களும்

2008-ஆம் ஆண்டு ஜூலையில் நிக்கான் டி700 அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. முன்னதன் அறிமுக விலை அமெரிக்காவில் 2999 டாலர், பின்னதன் விலை 2699 டாலர். படச்சுருளின் முழு அளவான, அதாவது ஃபுல் ஃப்ரேம் எனப்படும் 36-க்கு 24 மி.மீ. சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் தகடு) கொண்ட இவ்விரண்டில் எது மேல் என்ற வாதம் புகைப்படக்காரர்களிடையே பல ஆண்டுகள் நீடித்தது. அந்த வாதம் வெறும் நிறுவனப் பற்றால் எழுந்ததன்று என்பதே என் கருத்து. இரு நிறுவனங்களும் தத்தம் உயர்நிலைக் கேமராவிலிருந்து வெவ்வேறு உறுப்புகளை எடுத்துக் கொடுத்திருந்தன. நிக்கான் தன் டி3-இன் 12.1 மெகாபிக்சல் சென்சாரையும் 51 புள்ளி ஃபோகஸ் அமைப்பையும் சேர்த்தே டி700-க்கு வழங்கியது. கேனனோ 1டிஎஸ் மார்க் 3-க்கு இணையான 21.1 மெகாபிக்சலை வழங்கிவிட்டு, ஃபோகஸ் அமைப்பை மட்டும் 2005-இல் வந்த முதல் 5டி-யில் இருந்தபடியே விட்டுவிட்டது.

5டி மார்க் 2 குறித்து மிகுதியாகச் சொல்லப்பட்ட குறை இந்த ஃபோகஸ்தான். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரியும் 9 புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றே குறுக்கும் நெடுக்குமான கோடுகள் இரண்டையும் உணரும் வகையைச் சேர்ந்தது. மங்கிய வெளிச்சத்தில் ஓரப் புள்ளிகளை நம்பிப் படமெடுக்க இயலாது என்று திருமணப் புகைப்படக்காரர்கள் பலரும் கூறினர். நடுப்புள்ளியால் கண்ணைக் குறிவைத்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடி சட்டகத்தைத் திருப்பிக்கொள்வதே அவர்கள் கையாண்ட வழி. ஆனால் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.2 என்ற மிக அகன்ற திறப்பில் வைத்திருக்கும்போது கேமராவைச் சற்றே திருப்பினாலும் கூர்மையின் தளம் நகர்ந்துவிடுகிறது. கண்ணில் விழ வேண்டிய கூர்மை காதில் விழுகிறது. ஓடும் குழந்தையையோ பறக்கும் பறவையையோ தொடர வேண்டுமெனில் சிக்கல் இன்னும் பெரிது, ஏனெனில் நொடிக்கு 3.9 படங்கள் என்பதே அதன் வேகம். டி700 நொடிக்கு 5 படங்கள் எடுக்கும். கூடுதல் பிடியையும் டி3-இன் பெரிய பேட்டரியையும் பொருத்தினால் 8 படங்கள் எடுக்கும். விளையாட்டுப் படங்களையும் செய்திப் படங்களையும் தொழிலாகக் கொண்டோர் டி700-ஐ நாடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆயினும் அதன் 51 புள்ளிகளும் சட்டகத்தின் நடுப்பகுதியிலேயே நெருங்கிக் கிடக்கின்றன என்பதை அதன் ஆதரவாளர்கள் போதுமான அளவு சொல்லவில்லை. அந்த அமைப்பு சிறிய சென்சார் கொண்ட நிக்கான் டி300-க்கும் பொதுவானது. ஃபுல் ஃப்ரேமில் ஓரங்கள் அதற்கு எட்டுவதில்லை.

படத்தின் நுணுக்கத்தில் கேனனின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் டி700-இன் படம் ஏறத்தாழ 14 அங்குல அகலம் வரை போகும். 5டி மார்க் 2-இன் படம் 18.7 அங்குலம் வரை போகும். நம் ஊர்த் திருமண ஆல்பங்களில் வழக்கமான 12-க்கு 36 அங்குல விரிப்பு முழுவதும் ஒரே படத்தைப் பரப்பினால், முன்னதில் அங்குலத்துக்கு 118 புள்ளிகளும் பின்னதில் 156 புள்ளிகளுமே மிஞ்சும். கைதொடும் தூரத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும். 2009 ஜனவரியில் ஒபாமாவின் அதிகாரபூர்வ உருவப்படத்தைப் புகைப்படக்காரர் பீட் சூசா எடுத்தது 5டி மார்க் 2-இல்தான். டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்ட முதல் அமெரிக்க அதிபர் உருவப்படம் அது.

உயர் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) பற்றிய வாதத்தில் ஒரு தவறான ஒப்பீடு நெடுங்காலம் நிலவியது. இரு படங்களையும் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள், பெரிய பிக்சல்கள் கொண்ட டி700-இன் படம் தூய்மையாக இருக்கிறது என்று தீர்ப்பளித்தனர். 21 மெகாபிக்சல் படத்தை 12 மெகாபிக்சலுக்குச் சுருக்கி ஐஎஸ்ஓ 3200-இல் ஒப்பிட்டால் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. உண்மையான வேறுபாடு குறைந்த ஐஎஸ்ஓ-வில்தான் இருந்தது. 5டி மார்க் 2-இன் ரா கோப்பில் (சென்சார் பதிந்த, பதப்படுத்தாத படத்தரவில்) நிழற்பகுதிகளை வெளிச்சமாக்கினால் கோடுகோடாக இரைச்சல் எனும் கறைகள் எழும். டி700-இன் நிழல்கள் அந்த அளவுக்கு உடையா. இயற்கைக் காட்சிகளை எடுப்பவர்களுக்கு இது பெரும் இக்கட்டு: நுணுக்கம் வேண்டி கேனனை வாங்கியவர், விடியற்காலை வானத்தையும் இருண்ட பாறைகளையும் ஒரே படத்தில் அடக்க வடிகட்டிகளையோ, வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த பல படங்களின் இணைப்பையோ நாட வேண்டியிருந்தது. இரவு விளக்குகளின் வலப்புறம் கரும்புள்ளிகள் தோன்றிய குறையையோ 2009 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் எனும் கேமராவின் உள்மென்பொருளிலேயே கேனன் சரிசெய்துவிட்டது.

டி700-இல் உள்ளமைந்த ஃபிளாஷ் உண்டு, அதைக் கொண்டே தொலைவிலுள்ள ஃபிளாஷ்களையும் கம்பியின்றி இயக்கலாம். கேனனில் அது இல்லை. ஆனால் டி700-இன் வியூஃபைண்டர் சட்டகத்தில் 95 விழுக்காட்டையே காட்டும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் முழங்கை படத்தின் ஓரத்தில் வந்து நிற்பதுண்டு. கேனன் 98 விழுக்காட்டைக் காட்டும். எடையில், 995 கிராமுக்கு எதிரே 810 கிராம் என்பது நாள் முழுதும் கழுத்தில் தொங்கும்போது பொருட்படுத்தத் தக்கதே.

வீடியோ என்ற ஒன்றில் ஒப்பீட்டுக்கே இடமில்லை; டி700-இல் அந்த வசதி அறவே கிடையாது. 5டி மார்க் 2-இன் 1080 வரி வீடியோ தொடக்கத்தில் நொடிக்கு 30 சட்டகங்கள் மட்டுமே என்றும், வெளிச்சத்தைக் கையால் கட்டுப்படுத்த முடியாதென்றும் இருந்தது. 2009-இலும் 2010-இலும் வந்த ஃபர்ம்வேர்கள் அவற்றைத் தீர்த்தன. ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டாது, அதாவது ஏறத்தாழ 12 நிமிடங்கள்தான். கேமராவை வேகமாகத் திருப்பினால் நேரான தூண்களும் வீடியோவில் சாய்ந்து தெரியும். இத்தனை குறைகள் இருந்தும், அந்தப் பெரிய சென்சார் தந்த மென்மையான பின்னணிக்காகவே ‘ஹவுஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2010-இல் முடிந்த தன் பருவத்தின் இறுதி அத்தியாயத்தை இக்கேமராவில் படமாக்கியது.

தப்பிப்போன கணம் திரும்ப வராத தொழிலில் இருப்பவருக்கு டி700-ஐயே நான் பரிந்துரைத்திருப்பேன். முக்காலியை நிறுத்தி, ஒளியைத் தானே அமைத்துக்கொண்டு எடுப்பவருக்கும் பெரிய அளவில் அச்சிடுபவருக்கும் 5டி மார்க் 2-ஐ. இரு தரப்புக் குறைகளும் நியாயமானவை என்பதை 2012-இல் நிறுவனங்களே ஒப்புக்கொண்டன. கேனன் 5டி மார்க் 3-இல் 61 ஃபோகஸ் புள்ளிகளையும் நொடிக்கு 6 படங்களையும் தந்து, மெகாபிக்சலை 22.3-உடன் நிறுத்திக்கொண்டது. நிக்கான் டி800-இல் 36.3 மெகாபிக்சலையும் வீடியோவையும் தந்தது. ஆனால் ஃபுல் ஃப்ரேமில் அதன் வேகம் நொடிக்கு 4 படங்களாகக் குறைந்ததால், டி700 வைத்திருந்த பலர் அதை விற்க மனமின்றித் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.