டிஜிட்டல் எஸ்ஏடி: 68 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

எஸ்ஏடி என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்கான தேர்வு; இப்போது கணினியில் நடக்கிறது. விலையிலிருந்தே தொடங்கலாம். 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் ஒருமுறை எழுத 68 டாலராக இருந்தது. சென்னை போன்ற வெளிநாட்டு மையம் என்றால் அதற்கு மேல் இன்னொரு 43 டாலர். தேர்வு முடிந்து 9 நாட்களுக்குள் பெயர் கொடுத்தால் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்புவார்கள். முடிவு வருவதோ இரண்டு வாரம் கழித்து. அதாவது, என்ன மார்க் என்றே தெரியாமல் அனுப்பினால்தான் இலவசம். இதில் ஆசைப்பட வேண்டாம். விண்ணப்பத்தில் மாணவரே எழுதித் தரும் மதிப்பெண்ணைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். அதிகாரபூர்வ அறிக்கையை, இடம் கிடைத்துச் சேரும்போது கேட்கிறார்கள்.

கொரோனா காலத்தில் ‘விருப்பமிருந்தால் அனுப்பு’ என்றிருந்த நிலைமை பல முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இப்போது இல்லை. எம்ஐடி 2022 மார்ச்சிலேயே மீண்டும் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், ஸ்டான்ஃபோர்டு என வரிசையாகத் திரும்பின. 2025 பிப்ரவரியில் பென்சில்வேனியா. பிரின்ஸ்டன் 2027-28 விண்ணப்பச் சுற்றிலிருந்து கட்டாயம் என்று அறிவித்திருக்கிறது. யேல் மட்டும் கொஞ்சம் தாராளம்: எஸ்ஏடி அல்லது அதன் போட்டித் தேர்வான ஏசிடிக்குப் பதிலாக, பள்ளி நாட்களில் பாடவாரியாக எழுதும் ஏபி, ஐபி தேர்வுகளின் மதிப்பெண்களையும் ஏற்கும்.

டார்ட்மத் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள பேராசிரியர்கள் பழைய விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள் 1600க்கு 1400ஐ ஒட்டிய மதிப்பெண் வைத்திருந்தும், ‘இது போதாது’ என்று நினைத்து மறைத்திருந்தது தெரியவந்தது. அனுப்பியிருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும். தேர்வுக்குழு வெறும் 1400ஐப் பார்ப்பதில்லை; அந்தப் பள்ளியில் மற்றவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் பார்க்கிறது. எல்லோரும் 1050 எடுக்கும் பள்ளியில் 1400 பெரிய விஷயம்.

இனி தேர்வு. மொத்தம் 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை. வாசிப்பும் எழுத்தும் ஒரு பகுதி, கணிதம் ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் தனித்தனி நேரத்தோடு இரண்டு கட்டங்கள், அதாவது மாட்யூல்கள். வாசிப்பில் ஒரு மாட்யூலுக்கு 27 கேள்வி, 32 நிமிடம். கணிதத்தில் 22 கேள்வி, 35 நிமிடம். தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை என்பதால் எதையும் காலியாக விடக்கூடாது.

சூட்சுமம் முதல் மாட்யூலில் இருக்கிறது. அதில் எப்படிச் செய்கிறோம் என்பதை வைத்து இரண்டாவது மாட்யூல் கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்துவிட்டால் அதில் எல்லாமே சரியாகப் போட்டாலும் அந்தப் பகுதியின் முழு மதிப்பெண்ணான 800ஐத் தொட முடியாது. கடைசியில் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று முதல் மாட்யூலில் அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை கிடையாது. ஆளுக்கு ஐந்து தவறு விட்ட இருவருக்கு வெவ்வேறு மதிப்பெண் வரலாம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விகள் கணக்கிலேயே வராத சோதனைக் கேள்விகள். எவை என்று தெரியாது. ஆகவே விசித்திரமான ஒரு கேள்வியோடு நான்கு நிமிடம் மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பிறகு பார்க்கக் கொடி அடையாளம் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

இந்தப் பொருளின் சிறந்த பாகம், உள்ளேயே இருக்கும் டெஸ்மோஸ் வரைபடக் கால்குலேட்டர். அதையே நம்பிக் காலை வாரிக்கொள்பவர்களும் உண்டு. ஓர் உதாரணம்: y = x² − 6x + c என்ற வளைவும் y = 2 என்ற கோடும் ஒரே புள்ளியில் தொட்டால் c எவ்வளவு? இரண்டையும் தட்டச்சு செய்தால் c-க்கு ஒரு ஸ்லைடர் கிடைக்கும். இழுத்துக்கொண்டே போனால் 10இல் நின்றுவிடும்; வளைவு இன்னும் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருக்கும். காரணம், ஸ்லைடரின் எல்லை தானாகவே −10 முதல் 10 வரை. எல்லையை 20 ஆக்கினால் 11இல் தொடுவது தெரியும். காகிதத்தில் 36 − 4(c − 2) = 0 என்று போட்டாலும் அதே 11, அதுவும் இருபது வினாடியில். விடை 45/4 போல வரும் கணக்கில் ஸ்லைடர் ‘ஏறக்குறைய தொடுகிறது’ என்றுதான் காட்டும். பெட்டியில் எண்ணை நாமே இட வேண்டிய கேள்விக்கு அது உதவாது. அந்தப் பெட்டியிலும் ஒரு கண்ணி உண்டு: மூன்றரையை 3.5 என்றோ 7/2 என்றோ தர வேண்டும். 3 1/2 என்று அடித்தால் 31/2 என்று எடுத்துக்கொள்ளும். 2/3க்கு 0.67 தவறு, 0.667 சரி.

வாசிப்புப் பகுதியில் பத்திகள் 150 சொல்லைத் தாண்டாது. ஒரு பத்திக்கு ஒரே கேள்வி. கேள்விகளின் வகை எப்போதும் ஒரே வரிசையில் வரும்: முதலில் சொற்பொருள், நடுவில் கருத்து, பிறகு இலக்கணம், கடைசியில் குறிப்புகளை வைத்து வாக்கியம் தேர்வது. நேரம் பற்றாதவர்கள் இலக்கணத்திலிருந்து தொடங்கலாம்.

தேர்வை எழுதும் புளூபுக் செயலி பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகிறது. தேர்வுக்கு ஐந்து நாள் முன்பிருந்து ‘எக்ஸாம் செட்அப்’ செய்து அனுமதிச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் வைஃபை போனாலும் தேர்வு நிற்காது. முடித்துச் சமர்ப்பிக்கும்போது இணைப்பு இருந்தால் போதும். மடிக்கணினி அணைந்தால் சார்ஜ் ஏற்றி மீண்டும் திறந்து தொடரலாம். சொந்தக் கணினி இல்லாதவர்கள் 30 நாளுக்கு முன்பே விண்ணப்பித்தால் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே இரவல் தரும். கறையும் உண்டு. 2025 மார்ச் 8 தேர்வில் ஒரு பகுதியினருக்கு நேரம் முடியும் முன்பே செயலி விடைகளைச் சமர்ப்பித்துவிட்டது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீணாய்ப்போன அந்தச் சனிக்கிழமையை யார் திருப்பித் தருவது?

மதிப்பெண் வந்த பிறகு பார்க்க வேண்டியது பல்கலைக்கழகங்கள் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ என்ற புள்ளிவிவரத் தொகுப்பு. அதில் சி9 பகுதிக்குப் போனால், சேர்ந்த மாணவர்களின் 25, 75ஆம் சதமான மதிப்பெண்கள் இருக்கும்; அதாவது நடுவில் உள்ள பாதிப் பேர் எடுத்த மதிப்பெண்களின் எல்லை. ஹார்வர்டில் அது ஏறக்குறைய 1500 முதல் 1580. மதிப்பெண் அனுப்புவது விருப்பமாக இருந்த ஆண்டுகளின் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. நல்ல மார்க் எடுத்தவர்களே அனுப்பியிருப்பார்கள் என்பதால் அது ஊதிப்போன எண்.

திரும்ப எழுதலாமா? மொத்த மதிப்பெண்ணுக்கு இருபுறமும் சுமார் 40 புள்ளி ஏற்ற இறக்கம் இயல்பு. 1540ஐ 1560 ஆக்க இன்னொரு 68 டாலர் தருவது வீண்செலவு. 1440இல் நிற்பவருக்குக் கணக்கு வேறு. எம்ஐடி உட்படப் பல இடங்களில் பகுதிவாரியாக உயர்ந்த மதிப்பெண்ணையே எடுக்கிறார்கள்: மார்ச்சில் வாசிப்பு 710, கணிதம் 790, ஆகஸ்டில் 760, 760 என்றால் கணக்கில் வருவது 1550. ஜார்ஜ்டவுனிலோ குறைந்த மதிப்பெண்ணை மறைக்க முடியாது, எழுதிய எல்லாத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் 1550 என்பது வாசல் வரைக்குமான சீட்டு. 2023இல் பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரே மதிப்பெண் எடுத்தவர்களிலும் வருமானத்தில் உச்சியில் உள்ள 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட ஹார்வர்டு, எம்ஐடி போன்ற முன்னணிக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை, பாடம் சாராத தகுதிகளுக்குத் தரும் எடை, விளையாட்டு ஒதுக்கீடு ஆகியவை முக்கியக் காரணங்கள். அதற்கு எந்தப் பயிற்சித் தேர்வும் மருந்தில்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற வளாகங்கள் மட்டுமே இலக்கு என்றால் இந்தத் தேர்வை வாங்கவே வேண்டாம். அங்கே சேர்க்கைக்கு மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்க்க மாட்டார்கள். சேர்ந்த பிறகு எந்த வகுப்பில் போடுவது என்று தீர்மானிக்க வேண்டுமானால் பயன்படும்.