புகைப்பவர்களுக்கான பற்பசை: கறை போகும், சொத்தை நிற்குமா?

‘ஸ்மோக்கர்ஸ்’ என்று அட்டையில் போட்டு விற்கும் பற்பசைகள் தார்க்கறையை எடுக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலிக்கா, அலுமினா போன்ற நுண்துகள்கள் பல்மேல் படிந்த பழுப்பைச் சுரண்டிவிடும். பல்லுக்கு உள்ளேயே ஏறிப்போன மஞ்சள் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் அப்படியே இருக்கும்.

புகைப்பவரின் பல்லில் ஆபத்தான இடம் வேறு. புகையால் ஈறு நோய் முற்றும், ஈறு கீழிறங்கும், பல்வேர் வெளியே தெரியும். இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ஈறில் இரத்தம் கசிவதும் குறைவு. எச்சரிக்கையே வராமல் நோய் வளரும். பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல் வேரின் மேல் கிடையாது. எனாமல் கரைய வாயின் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5 அளவுக்கு இறங்க வேண்டும், வேர் கரைய 6.2-6.7 அளவுக்கு இறங்கினாலே போதும். அந்த வேரில் சொரசொரப்பான பசையை அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும், கூச்சம் வரும். தேய்க்கும் வீரியத்தை ஆர்.டி.ஏ. எண்ணால் அளப்பார்கள். சர்வதேசத் தரம் 250 வரை அனுமதிக்கிறது. வேர் தெரியும் வாய்க்கு 70-80க்குள் இருப்பதே நல்லது. பெரும்பாலான பற்பசைக் குழாய்களில் இந்த எண்ணை அச்சிடுவதில்லை என்பது பெரிய குறை.

ஆகவே வாங்கும்போது கறையைப் பற்றிய வாசகத்தை விட்டுவிட்டு சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடின் அளவைத் தேடுங்கள். 1450 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1450 பங்கு) வேண்டும். 1000க்குக் கீழே என்றால் வேண்டாம். அடுத்து, எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். கால்சியம் கார்பனேட் உள்ள பசையில் சோடியம் ஃபுளோரைடு சேர்த்தால் இரண்டும் பிணைந்துபோய், பல்லுக்குச் சேர வேண்டியது குழாயிலேயே வீணாகும். சிலிக்கா என்றால் சோடியம் ஃபுளோரைடு சரி. கால்சியம் கார்பனேட் என்றால் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் இருக்க வேண்டும். இதுவும் வெக்கையில் பல மாதம் கிடந்தால் சிதைந்து பலன் குறையும். பழைய இருப்பை வாங்காதீர்கள்.

இங்கேதான் நாட்டின் வசதியும் வருகிறது. சொத்தையான பல், சொத்தையால் இழந்த பல், அடைத்த பல் மூன்றையும் கூட்டி டி.எம்.எஃப்.டி. என்று கணக்கிடுகிறார்கள். பணக்கார நாட்டில் அந்தக் கூட்டுத்தொகையில் அடைத்த பற்கள் அதிகம். ஏழை நாட்டில் அடைக்காமல் விட்டதும் பிடுங்கியதும் அதிகம். வருமானம் உயரும்போது சர்க்கரை முதலில் வந்துவிடுகிறது, பல் மருத்துவம் பின்னால்தான் வருகிறது. அந்த இடைவெளியில் மாட்டிய புகைப்பவருக்குப் பற்பசைதான் ஏறக்குறைய முழுச் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் 1000-1500 பிபிஎம் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது மிகச் சரியான முடிவு.

புகைப்பவர்களிடம் சொத்தை அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் புகையின் பங்கு எவ்வளவு, சர்க்கரை, வறுமை, மருத்துவரிடம் போகாததன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். நாற்றம் மறைக்க அடிக்கடி போட்டுக்கொள்ளும் இனிப்பு மிட்டாயும் அந்தக் கணக்கில் உண்டு. அதற்குப் பதிலாகச் சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லலாம், உமிழ்நீரும் ஊறும்.

மிருதுவான பிரஷ், நாளுக்கு இரண்டு முறை, இரண்டு நிமிடம், அதில் ஒன்று படுக்கும் முன். நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.

எங்கள் மதிப்பீடு: கறைப்பசைக்கு ஐந்தில் இரண்டு, வேர் தெரியாதவர்கள் வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் பயன்படுத்தலாம். சாதாரண 1450 பிபிஎம் பசைக்கு நான்கரை. வேரில் பழுப்பாக, மெத்தென்று ஒரு புள்ளி தெரிந்தால் இரண்டுமே போதாது. பல் மருத்துவர் எழுதித் தரும் 5000 பிபிஎம் பசை அந்த இடத்தை மீண்டும் கெட்டியாக்கக்கூடும். அது பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.