லெட்கோரா, ரியூப்பா, வெறும் தங்கூசியா? வன்னிக் குளங்களுக்கு எது தோது?

லண்டனில் இருந்து வரும் மச்சான்மாரின் பையில் இப்போது சொக்லேட்டோடு கார்ப் மீன் பிடிக்கும் சாமான்களும் வருகின்றன. அதில் நம்மவர்களைக் கூடக் குழப்புவது பாரமான லீடர். தூண்டிலுக்கு மேலே ஒரு மீற்றர் அளவுக்கு வரும் அந்தத் துண்டின் வேலை, நூலைக் குளத்துத் தரையோடு படுக்க வைப்பது. சாதாரண கார்ப்பும் மிரிகாலும் அடிச்சேற்றைக் கிளறித் தின்பவை. இறுகி நிற்கும் நூல் உடம்பில் முட்டினால் வெருண்டு விலகிவிடும். கட்லா மேல்தண்ணீரில் மேய்வது, அதற்கு இந்த லீடரே தேவையில்லை.

லெட்கோர் என்பது நடுவில் ஈயக் கம்பி ஓடும் பின்னல் நூல். தரையில் படிவதில் அதற்கு நிகரில்லை, கட்டையில் உரசினாலும் இலேசில் தேயாது. ஆனால் அதன் பலமே அதன் வில்லங்கம். பரவலாக விற்பது 45 இறாத்தல் தாங்கும்; உங்கள் தங்கூசியோ 12 அல்லது 15 இறாத்தல். அப்படியென்றால் அறுந்தால் பெரும்பாலும் லீடருக்கு மேலேதான் அறும். மீன் ஒரு மீற்றர் லீடரையும் நூலைத் தாழ்த்தக் கட்டிய ஈயக் குண்டையும் இழுத்துக்கொண்டு போகும். கோடையில் தண்ணீர் வற்றும்போது நம் குளங்களில் தலை நீட்டும் பட்ட மரக் கட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஈயம் அதில் மாட்டினால் கட்டிப்போட்ட மாடு மாதிரி மீன் அங்கேயே நின்று சாகும். இங்கிலாந்தில் பல மீன்பிடிக் குளங்களில் லெட்கோரைத் தடை செய்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“சமைக்கத்தானே பிடிக்கிறோம், மீனுக்கு என்ன பாதுகாப்பு?” என்று கேட்பவர்கள் உண்டு. சட்டிக்கு வந்த மீன் வேறு கதை. அறுத்துக்கொண்டு போய்ச் செத்த மீன் யாருக்கும் கறியாகாது.

ரியூப் வேறு மாதிரி. டங்ஸ்டன் என்ற பாரமான உலோகத்தின் தூள் கலந்த மெல்லிய குழாய். அதனூடே உங்கள் தங்கூசியே ஓடும். லீடருக்கும் நூலுக்கும் இடையில் முடிச்சு இல்லாததால் ஈயமோ நூலில் கோர்த்த மணியோ தடக்குப்பட அங்கே ஒன்றுமில்லை. டங்ஸ்டனின் அடர்த்தி தண்ணீரைப்போல் 19.3 மடங்கு, ஈயத்தினுடையது 11.3. அதனால் கொஞ்சத் தூளே போதும், குழாயில் ஈயமும் வேண்டாம். கோர்ப்பதுதான் எரிச்சல். தங்கூசியின் நுனியைச் சரிவாக வெட்டினால் கொஞ்சம் எளிதாக நுழையும், வெயிலில் வியர்த்த கையோடு என்றால் அதுவும் சோதனைதான்.

புளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நூலில் செய்த லீடரைப் பாரமான பொருள் என்று விற்கிறார்கள். அதன் அடர்த்தி 1.8 அளவுதான். நைலோனை விட வேகமாகத் தாழும், அவ்வளவே. தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குப் படாது என்பது நல்ல குணம், மாரியில் கலங்கிய குளத்தில் அந்தக் காசு வீண்.

எதைக் கட்டினாலும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். லீடருக்கு மேலே தங்கூசியை வெட்டிவிடுங்கள். ஒரு கையால் ஈயத்தைப் பிடித்து, மறு கையால் தூண்டில் கட்டிய துண்டு நூலை மெதுவாக இழுங்கள். ஈயத்தைக் கிளிப்பில் கொழுவியிருந்தால் அது கழன்று விழவேண்டும். நூலில் வழுக்கி ஓடும் ஈயம் என்றால் அதன் வளையத்துக்குள்ளால் லீடர் முழுதும் உருவி வரவேண்டும். தூண்டில் துண்டு லீடரைச் சுற்றித் திரும்பும் வகை என்றால் அதை மேலே தடுத்து நிற்கும் மணி தள்ளுப்பட்டு, அந்தத் துண்டு லீடரின் நுனியால் வெளியே வரவேண்டும். லெட்கோரில் பெரும்பாலும் தடக்குப்படுவது இங்கேதான்: நுனியில் பின்னிய கண்ணி தடிப்பாக இருக்கும், அதற்கு மேல் தங்கூசி முடிச்சின் வாலும் நீட்டிக்கொண்டு நிற்கும். மணியின் துளை அகலமாக இருக்கட்டும், வாலை ஒட்ட நறுக்குங்கள். கிளிப்பின் ரப்பரை “ஈயம் தொலையக்கூடாது” என்று இறுக்கி அடிப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வரும். அது தொலைவதற்காகத்தானே அந்தக் கிளிப்!

ஈயத்தைப் பற்றி இன்னொன்று. உறை தேய்ந்து உள்ளே கம்பி மினுங்கும் லெட்கோரையும், ஒருமுறை முறுக்கி மடிந்ததையும் திரும்பக் கட்டாதீர்கள், கரையில் எறியாதீர்கள். பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 1987இல் 0.06 கிராம் தொடக்கம் 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயங்களைத் தடை செய்தார்கள். நம் குளங்களிலும் தாராக்கள் இறங்குகின்றன. குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், குறடு எதற்கு இருக்கிறது? ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவும் வேண்டாம்.

என் கணக்கில் கட்டை நிறைந்த குளத்துக்கு ரியூப். வெட்டையான சேற்றுத் தரை என்றால் ஒன்றுமே வேண்டாம்: வெறும் தங்கூசியில் அங்கங்கே டங்ஸ்டன் களி கொஞ்சம் உருட்டி ஒட்டினால் நூல் படிந்துவிடும், அறுந்தாலும் மீன் அதிகம் சுமக்காது. மச்சான் தந்த லெட்கோர் வீட்டில் கிடக்கிறதென்றால் கட்டையில்லாத இடத்தில், மேலே சொன்ன சோதனையில் தேறிய பிறகு மட்டும் எடுங்கள்.