பெயர் மாற்றினால் பழைய பெயரை என்ன செய்வது? நோட், செக்அவுட், எஸ்கேலேர்ன்: மூன்று வழிகள்

திறமூலத் திட்டத்தில் குழப்பும் பெயருக்கு மாற்றுப் பெயர் சீக்கிரமே கிடைத்துவிடும். பழையதை என்ன செய்வது என்பதில்தான் பயனர்கள் அடிபடுகிறார்கள்.

லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான டெபியன் பழைய பெயரை ஒரேயடியாகப் பிடுங்கிப் பார்த்தது. நோட் என்ற கட்டளை அங்கே ஏற்கெனவே அமெச்சூர் ரேடியோ நிரல் ஒன்றின் பெயர், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் அதே பெயரோடு வந்தது. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே பெயரைக் கேட்டு, உடன்பாடும் வராவிட்டால், இரண்டுமே பெயர் மாற்ற வேண்டும் என்பது டெபியன் விதி. 2012-ல் தொழில்நுட்பக் குழு அப்படியே முடிவு சொல்ல, கட்டளை ‘நோட்ஜேஎஸ்’ ஆனது. விதிப்படி நியாயம்தான். ஆனால் வெளியே எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்களில், எந்த நிரல் தங்களை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரி ‘நோட்’ என்றே அழைத்தது. அப்படியொரு கோப்பே இல்லை என்று ஓட்டம் நின்றது. பழைய பெயருக்கு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) வேண்டுமென்றால் ‘நோட்ஜேஎஸ்-லெகசி’ பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். 2017-ல் குழு முடிவைத் திரும்பப் பெற்றது. 2019-ல் வந்த டெபியன் 10-ல் மறுபடி நோட்தான். உலகமே ஒரு பெயரில் அழைப்பதை ஒரு விநியோகம் மட்டும் மாற்றினால் நிற்காது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் போன வழி வேறு. ‘செக்அவுட்’ ஒரே சொல்லில் இரண்டு வேலை பார்க்கிறது: கிளை (நிரலின் தனிப் பதிப்பு வரிசை) மாறும், கோப்பையும் பழைய நிலைக்குத் திருப்பும். டாக்ஸ் என்ற கிளையை அழித்துவிட்டீர்கள், அதே பெயரில் கோப்புறை இருக்கிறது என்று வையுங்கள். பழக்கத்தில் ‘கிட் செக்அவுட் டாக்ஸ்’ என்று அடித்தால், அந்தக் கோப்புறையில் நீங்கள் ஆட் செய்யாத (கிட்டில் இன்னும் சேர்க்காத) திருத்தங்கள் ஒரு கேள்வியும் இல்லாமல் போய்விடும். கிட்டில் அவற்றுக்குப் பிரதி கிடையாது. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பு இதை ‘ஸ்விட்ச்’, ‘ரீஸ்டோர்’ என்று பிரித்தது. ‘கிட் ஸ்விட்ச் டாக்ஸ்’ என்றால் அப்படியொரு கிளை இல்லை என்று பிழை காட்டும், கோப்பைத் தொடாது. செக்அவுட்டும் அப்படியே வேலை செய்கிறது. எந்த ஸ்கிரிப்ட்டும் உடையவில்லை. ஆனால் பழைய பாடங்களைப் படிப்பவர் இன்றும் அந்தப் பள்ளத்தில்தான் விழுவார்.

மூன்றாவது, கொஞ்சம் கொஞ்சமாக மூடுவது. பைத்தானின் இயந்திரக் கற்றல் நூலகமான சைக்கிட்-லேர்னை நிரலுக்குள் ‘எஸ்கேலேர்ன்’ என்று இம்போர்ட் செய்கிறோம். அதனால் பலரும் அதே பெயரில், பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் வழியாக நிறுவினார்கள். அந்தப் பொதிகளின் களஞ்சியமான பைபிஐ தளத்தில் அந்தப் பெயரில் இருந்தது உண்மையான நூலகத்தை இழுத்துவரும் வெற்றுப் பொதி. 2022 டிசம்பர் முதல் மணிக்குச் சில நிமிடங்கள் மட்டும் அதன் நிறுவல் தோற்கும்படி வைத்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், 2023 டிசம்பரில் முழுதாக மூடினார்கள். பிழைச்செய்தியிலேயே சரியான பெயர் இருந்தது. எச்சரிக்கை வரியை யாரும் படிப்பதில்லை. தோற்ற பில்டை (நிரலைக் கட்டும் ஓட்டத்தை) எல்லோரும் பார்ப்பார்கள். வெற்று மாற்றுப்பெயரை நீக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பெயர் இரண்டு வேலை பார்க்கிறதென்றால் கிட் வழி. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் என்றால் மூன்றாவது வழி. பைத்தானில் மாட்யூல் (நிரல் கோப்பு) பெயரை மாற்றும்போது இன்னொன்று: நிரலின் பொருள்களைச் சேமித்து வைக்கும் பிக்கிள் கோப்புக்குள் மாட்யூல் பெயரும் கிளாஸ் பெயரும் எழுத்தாகவே பதிந்திருக்கும். பழைய மாட்யூல் இருந்த இடத்தில், புதியதிலிருந்து அந்த கிளாஸை இம்போர்ட் செய்யும் ஒரு வரிக் கோப்பாவது இல்லையென்றால், பயனர் அந்த கிளாஸில் சேமித்து வைத்த மாடல் எதுவும் திறக்காது.