65,000 ரூபாய் வண்டிக்கு 78,000 ரூபாய் எஸ்டிமேட்

குரோம்பேட்டையில் அப்பா வைத்திருப்பது 2007 மாடல் சான்ட்ரோ ஜிங். வண்டி புரோக்கர் 65,000-க்கு மேல் ஒரு ரூபாய் பேச மாட்டேன் என்கிறார். அந்த வண்டிக்கு ரிப்பேர் செலவு என்று ஒரு சர்வீஸ் சென்டர் கையில் கொடுத்த கணக்கு 78,000 ரூபாய். இந்த லீவில் பாஸ்போர்ட் வேலை, வங்கி கேஒய்சி, பல் டாக்டர் எல்லாம் சொன்ன நேரத்தில் முடிந்தன. அவற்றை எழுத ஒன்றுமில்லை.

வண்டியில் இருந்தது இரண்டு கோளாறுதான். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இடது சக்கரத்தில் கடகடவென்று சத்தம். அப்புறம் ஏசி. ஓடும்போது நன்றாகக் குளிரும், சிக்னலில் நின்றால் அனல் அடிக்கும். அப்பாவின் வழக்கமான மெக்கானிக் பாய், தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு பெரிய சர்வீஸ் சென்டரைத் தங்கை வீட்டுக்காரர் சிபாரிசு செய்தார். அப்பாவுக்கு அரை மனசு. "வெளிநாட்டிலிருந்து வந்திருக்கே, நீயே பேசிக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

உள்ளே போனதும், இங்கிலாந்தில் நான் இருக்கிற லெஸ்டரில்தான் நிற்கிறோமோ என்று தோன்றியது. ஏசி ஹால், காபி மெஷின், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக லிஃப்டில் ஏற்றிய வண்டிகள். பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யாரோ படித்துப் போட்ட தினத்தந்தியைப் புரட்டி, நடுநடுவே "அந்த பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று கொஞ்சம் ஏக்கம்கூட வந்தது.

டேப்லெட்டோடு ஓர் இளைஞர் வந்தார். சத்தம் எந்த வேகத்தில் வருகிறது, எந்தப் பக்கம், ஏசி எப்போது குளிர்கிறது, எப்போது இல்லை, ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னதையும் எழுதிக்கொள்ளவில்லை. வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவும் இல்லை. கிலோமீட்டரைப் படம் எடுத்தார், நான்கு பக்கச் சிராய்ப்பையும் அக்கறையாகப் படம் எடுத்தார். இன்ஸ்பெக்‌ஷன் கட்டணம் 999 ரூபாய், வேலை கொடுத்தால் பில்லில் கழித்துவிடுவோம் என்றார்.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. ஸ்டியரிங் ரேக் அசெம்ப்ளி (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் முழு செட்), இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கை), முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு, ஏசி கம்ப்ரஸர், கண்டென்ஸர். இவை போக த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங். எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. (உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பரில் 18 ஆக்கினார்கள். பழைய வரி என்றால் தொகை இன்னும் ஏறியிருக்கும், அந்த வகையில் நான் அதிர்ஷ்டசாலி.)

அண்டர்பாடி கோட்டிங்! 2022-ல் பதினைந்து வருடம் முடிந்து, எஃப்சி என்கிற தகுதிச் சோதனை காட்டி, ஆர்சி என்கிற பதிவுச் சான்றை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த வண்டி இது. அதற்கும் அந்த வருடம் ஏப்ரலில்தான் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கியிருந்தார்கள், பசுமை வரி தனி. 2027-ல் மறுபடியும் ஆர்டிஓ வாசலில் நிற்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய கார் என்றால் 10,000 என்று 2025-ல் ஆணை போட்டாயிற்று. அதுவரைக்கும் ஓடினால் போதும் என்கிற வண்டியின் அடிவயிற்றுக்கு மூன்றாயிரத்துக்கு மேல் பூச்சு.

போன் செய்தேன்.

"கம்ப்ரஸர் போயிடுச்சா?"

"கூலிங் பத்தலை சார்."

"ஓடும்போது குளிருதே. கம்ப்ரஸர்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"டெக்னீஷியன் சஜஸ்ட் பண்ணியிருக்கார் சார்."

"சத்தம் ரேக்கிலிருந்துதான் வருதா?"

"ரேக்குல ப்ளே இருக்கு சார். சேஃப்டி பாயிண்ட். ஃபேமிலியோட போறீங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மூன்று விதமாகச் சொன்னார். நான் அசையவில்லை என்றதும் குரல் இனிமையாகிவிட்டது. இவ்வளவு செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்சில் போயிடலாமே சார், எங்களிடமே பழைய வண்டி பிரிவு இருக்கிறது என்றார். எஸ்டிமேட் ஏன் அவ்வளவு கொழுத்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

இங்கிலாந்து ஒன்றும் சொர்க்கமில்லை. மெயின் டீலரிடம் மணிக் கூலி கேட்டால் தலை சுற்றும். என் பழைய ஃபியஸ்டாவை ஒரு கிளட்ச் எஸ்டிமேட்டுக்குப் பயந்து ஸ்கிராப்புக்கு அனுப்பியவன் நான். ஆனால் அங்கே வருடாந்திர எம்ஓடி சோதனை என்று ஒன்று இருக்கிறது. காருக்கு 54.85 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 2018 மே முதல் குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரித்து எழுதுகிறார்கள். அதற்கும் கீழே அட்வைசரி. "ரப்பர் புஷ் தேயத் தொடங்கியிருக்கிறது, கவனித்துக்கொள்" என்பார்கள், நாமும் கவனித்துக்கொண்டே இன்னொரு வருடம் ஓட்டலாம். சில ஊர்களில் கவுன்சில் நடத்தும் சோதனை மையங்கள் பொதுமக்கள் வண்டிக்கு ரிப்பேரே செய்வதில்லை. இல்லாத குறையைக் கண்டுபிடித்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?

அங்கே லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் மட்டும் மாற்றித் தா என்று கேட்டால் பெரும்பாலும் முழு ஆர்மையே மாற்றச் சொல்வார்கள். பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, புதியதை ஏற்றி உட்காரவைக்கும் நேரத்துக்கு ஆகும் கூலி, புது ஆர்மின் விலையைத் தாண்டிவிடும். கூலி அதிகமான நாட்டில் அது சரியான கணக்கு. கூலி மலிவு, பாகம்தான் விலை என்றிருக்கிற குரோம்பேட்டையில் அதே அசெம்ப்ளி கணக்கைக் கொண்டுவந்து வைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. காபி மெஷினோடு அதையும் இறக்குமதி செய்துவிட்டார்கள். எம்ஓடியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

999-ஐ அழுதுவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

பாய் ஊர் திரும்பியதும் முதலில் செய்தது, வண்டியில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டதுதான். பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். "ஃபேன் சுத்தலையே தம்பி." கண்டென்ஸர் ஃபேன். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்ஸரைக் குளிர்விக்கிறது, நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. மோட்டார் போயிருந்தது. கம்ப்ரஸர் பாவம், நன்றாகவே இருந்தது.

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இடது வலதாகப் பிடித்து ஆட்டினார். லேசாக ஆடியது, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான டை ராட் எண்ட். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஆட்டமில்லை, பேரிங் சரி. கடப்பாரையை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்பியதும் கிழிந்த புஷ் வாயைத் திறந்து காட்டியது. ரேக்கைப் பற்றிக் கேட்டேன். "ரேக்குக்கு ஒண்ணும் இல்ல. யார் சொன்னது?"

துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் வாங்கி வரச் சொன்னார். மெக்கானிக் சீட்டு எழுத, வண்டிக்காரரே பாகம் வாங்கி வருகிற அதே பழைய சடங்குதான். இப்போது மெட்ரோவில் எல்ஐசி வரை குளுகுளுவென்று போகலாம் என்பது மட்டும் புதிது. கடையில் "ஜிங்கா, பழைய சான்ட்ரோவா? பவர் ஸ்டியரிங்கா?" என்று இரண்டே கேள்வி. சர்வீஸ் சென்டரில் ஒருவரும் கேட்காத கேள்விகள். ஒரிஜினல் ஒரு விலை, லோக்கல் ஒரு விலை, எது எத்தனை நாள் வரும் என்பதையும் கடைக்காரரே சொன்னார். ஃபேன் மோட்டாருக்குப் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய மோட்டார் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று இலவச ஆலோசனை வேறு. ஃபேனில் சோதனை வேண்டாம் என்று புதிதாகவே வாங்கினேன்.

இனிமேல் பாயைத் திட்டுகிற பகுதி. "சாயங்காலம் ரெடி" என்றார். எந்தச் சாயங்காலம் என்று சொல்லவில்லை. போன் அடித்தால் பையன் எடுத்து "லேத்துக்குப் போயிருக்கு" என்பான். புஷ் ஏற்ற லேத் பட்டறைக்குப் போன ஆர்ம், அங்கே கரண்ட் இல்லாமல் படுத்துவிட்டது. அதற்குள் காஞ்சிபுரம் போகிற திட்டம் பாழ். பில் கேட்டால் சிரிப்பார், வாரண்டி கேட்டால் "நான் எங்கே போகப்போறேன்?" என்பார். லெஸ்டரில் எந்த கராஜும் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு குறுஞ்செய்தியாவது போடும். பணம் வாங்கச் சுவரில் க்யூஆர் கோடு ஒட்டத் தெரிந்த பாய்க்கு இது ஏன் முடியவில்லை? வண்டி வந்தபோது சீட்டில் கிரீஸ் கை அச்சு வேறு.

பாகங்கள், கூலி, லேத், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். பழைய புஷ்களையும் மோட்டாரையும் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்திருந்தார், கேட்காமலே. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, இப்போதைக்குத் தொட வேண்டாம், ஆனால் ரேடியேட்டர் ஹோஸ் இறுகிவிட்டது, சித்திரைக்கு முன் மாற்றிவிடுங்கள் என்றார். எழுதித் தரவில்லை என்றாலும் இதுவும் அட்வைசரிதான்.

பாயிடம் வேலை பழகிய இரண்டு பேரில் ஒருவர் உணவு டெலிவரிக்குப் போய்விட்டார். இன்னொருவர் கண்ணாடி போட்ட சர்வீஸ் சென்டர் ஒன்றில் சீருடை போட்டு அசெம்ப்ளி மாற்றிக்கொண்டிருக்கிறாராம். அங்கே சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது, பிஎஃப் உண்டு. பாய் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். ஹோஸ் வாங்க அப்பா போகும்போது பழைய ஹோஸையும் கையில் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். வளைவு கொஞ்சம் மாறினாலும் பொருந்தாதாம்.