பேக்கப் இருக்கிறது என்று சொல்லி ஆண்டுச் சந்தா வாங்குகிறவரிடம் கவனமாக இருங்கள்

பாரிமுனை, மண்ணடி, ராயபுரம் பக்கம் ஒரே ஒரு சர்வரை வைத்துக் கணக்கு பார்க்கிற சின்ன ஆபீஸ்களுக்காக இதை எழுதுகிறேன். ஆளின் பெயர் வேண்டாம். செய்த வேலையைச் சொல்கிறேன், அதே வேலை உங்கள் இடத்திலும் நடக்கிறதா என்று பாருங்கள்.

தம்பு செட்டித் தெருவில் எங்களுடையது சுங்க கிளியரிங் ஆபீஸ். டாலி, பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தருகிற படிவம்) நகல், பார்ட்டி பாக்கி எல்லாம் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது சர்வருக்குள்ளே மென்பொருளால் உருவாக்கிய தனிக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அது ஓடுவது அப்படிப்பட்ட மெஷின்களை ஓட்டுகிற விஎம்வேரின் இலவச இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருள் மேல். சுங்கத் தரகர் உரிம விதிமுறைகள் 2018-ன்படி கணக்குகளையும் ஆவணங்களையும் குறைந்தது 5 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்த பிறகு எங்கள் முதலாளிக்கு இந்தக் கவலை அதிகமாகிவிட்டது. அப்போதுதான் இந்த ஆள் வந்தார். வாரா வாரம் வருவார், எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் காப்பி போடுவார், ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். சந்தா முழுவதையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

போன மழையில் கரண்ட் ஏறி இறங்கியதில் சர்வர் நின்றுபோனது. "மதர்போர்டு போச்சு சார், இனி இது உதவாது" என்று புதுப் பெட்டி ஒன்றை விற்றார். பேக்கப்பை அதில் ஏற்றினார். மெஷின் பவர் ஆன் ஆகவில்லை. திரையில் வந்தது: மாட்யூல் டிஸ்க் பவர் ஆன் ஃபெயில்டு. உடனே, "டிஸ்க் கரப்ட் ஆகிடுச்சு, லேபுக்கு அனுப்பணும், ஒன்றரை லட்சம் ஆகும், பாதியை இப்பவே கொடுங்க" என்றார். பழைய சர்வரையும் லேபுக்கு என்று தூக்கிப்போகப் பார்த்தார். முதலாளி செக்புக்கை எடுத்துவிட்டார். நான்தான் ஒரு நாள் பொறுங்கள் என்றேன்.

என் அக்கா மகன் அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறான். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக ஆபீசுக்கு வந்தான். அந்தச் சிவப்பு வரியை அவன் பொருட்படுத்தவே இல்லை. மெஷினின் ஃபோல்டரில் விஎம்வேர்.லாக் என்று ஒரு கோப்பு இருக்கும், அதைத் திறந்தான். முழுக் காரணமும் அதில் எழுதியிருந்தது: கணக்கு.விஎம்டிகே என்ற மூல டிஸ்க் கோப்பை அல்ல, கணக்கு-000001.விஎம்டிகே என்ற கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"மாமா, டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல. ஃபைலே வரல" என்றான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற மெஷினின் டிஸ்க் கோப்பு பூட்டியிருக்கும், காப்பி எடுக்க முடியாது. ஸ்னாப்ஷாட் ஒன்று (அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) எடுத்தால் மூல டிஸ்க் அந்த நேரத்தோடு அப்படியே நின்றுவிடும், காப்பி எடுக்கலாம். அதன் பிறகு நாம் அடிக்கிற ஒவ்வொரு வவுச்சரும் -000001 என்ற புதுக் கோப்புக்குத்தான் போகும். காப்பி முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் இரண்டும் மறுபடி ஒன்றாகச் சேரும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று விஎம்வேரே சொல்கிறது. இந்த ஆள் முதல் வாரம் எடுத்த ஸ்னாப்ஷாட்டை நீக்கவே இல்லை. அதற்குப் பிறகு வாரா வாரம் அவர் காப்பி போட்டதெல்லாம் முதல் வாரத்தில் நின்றுபோன அதே மூல டிஸ்க். எங்கள் உழைப்பு முழுவதும் அவர் தொடாத கோப்பில் இருந்தது. இதற்கு நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அவர் முறையான பேக்கப் மென்பொருளைப் போடாததற்கும் காரணம் இருக்கிறது. அந்த மென்பொருள்கள் உள்ளே போய் வேலை செய்கிற வழியை இலவச இஎஸ்எக்ஸ்ஐ உரிமத்தில் விஎம்வேர் திறந்து விடுவதில்லை. முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்போம். வாயே திறக்கவில்லை.

பழைய சர்வர் கையில் இருந்ததால் பிழைத்தோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதற்குப் பொருந்துகிற செகண்ட் ஹாண்ட் பவர் சப்ளை வாங்கி மாட்டினான், சர்வர் எழுந்துவிட்டது. மதர்போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. முதலில் ஃபோல்டர் முழுவதையும், ஒரு கோப்பு விடாமல், தனி டிஸ்குக்கு எடுத்து வைத்தான். பிறகுதான் மெஷினை ஆன் செய்தான். கடைசி நாள் அடித்த வவுச்சர் வரைக்கும் இருந்தது.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். "பணம் இல்லன்னா பழைய டிஸ்க்கையே காட்டி ஆன் பண்ணித் தரேன், இருக்கிறதை எடுத்துக்குங்க" என்றும் அந்த ஆள் கேட்டார். மெஷினின் அமைப்புகள் இருக்கிற விஎம்எக்ஸ் கோப்பில் டிஸ்கின் பெயரை மாற்றி மூல டிஸ்கைக் காட்டினால் மெஷின் ஆன் ஆகத்தான் செய்யும், பழைய கணக்கோடு. ஆனால் மூல டிஸ்கில் ஒரு தடவை எழுதிவிட்டால் -000001 அதோடு பொருந்தாது, பெற்றோர் டிஸ்க், அதாவது மூல டிஸ்க், மாறிவிட்டது என்று பிழை வரும். அவசரத்தில் வேறு நகல் எதுவும் வைக்காமல் இதைச் செய்தால், மீட்கக்கூடிய கணக்கும் மீட்க முடியாமல் போகும். யார் சொன்னாலும், முழு ஃபோல்டருக்கும் நகல் எடுக்காமல் ஆன் செய்ய விடாதீர்கள்.

சந்தாவைத் திருப்பிக் கேட்டோம். இப்போது அவர் போனை எடுப்பதில்லை. ரெஜிஸ்டரும் ரசீதும் எங்களிடம் இருக்கின்றன, வக்கீல் நோட்டீஸ் தயாராகிறது. இப்போது மாதம் ஒரு முறை பேக்கப்பை வேறொரு பெட்டியில் ஏற்றி, நெட்வொர்க்கைத் துண்டித்து, ஆன் செய்து, டாலியில் முந்தின நாள் வவுச்சர் தெரிகிறதா என்று நானே பார்க்கிறேன்.

உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருவர் வந்து காப்பி போடுகிறார் என்றால், சர்வர் நல்லபடி ஓடும்போதே மெஷினின் ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். -000001 என்றோ, டெல்டா, செஸ்பார்ஸ் என்றோ முடிகிற கோப்பு இருந்தால், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, ஹார்டு டிஸ்கில் அதற்கும் நகல் இருக்கிறதா என்று அவரை எதிரே உட்கார வைத்தே கேளுங்கள். பழைய சர்வரை மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் வெளியே அனுப்பாதீர்கள்.